கொஞ்சம் வலிக்கு எத்தனை புள்ளி?

எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போவதற்கு ஒரு நடைமுறை இருந்தது. முதலில் அவர் காலை ஆறரை மணிக்குப் பெரட்டுக் களத்துக்கு வந்து, வேலைக்கு வந்தவர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். நோயாளி எதற்காக வேலைக் கணக்கெடுப்புக்கு வர வேண்டும் என்று கேட்கக் கூடாது. வராதவருக்கு நோய் என்பது எப்படித் தெரியும்? வந்தவர் கங்காணியிடம் நோயை விவரிக்க வேண்டும். கங்காணிக்குத் திருப்தி என்றால் ஒரு துண்டு எழுதித் தருவார். துண்டைக் காட்டினால்தான் டிஸ்பென்சரிக் கதவு திறக்கும்.

இந்த நடைமுறையைக் கண்டுபிடித்தவன் நான் அல்லன். ஆனால் தோட்ட ஆபீசில் முப்பத்தேழு வருடம் கிளாக்கராக இருந்த காலத்தில் இதைப் பிழையில்லாமல் தட்டெழுதி மூன்று பிரதி எடுத்தவன் நான்தான். ஐம்பது பேர் நிற்கும் களத்தில், மீசை வைத்த கங்காணியிடம், ஒரு பெண் தன் வயிற்றுவலி எந்த வகை வயிற்றுவலி என்று எப்படிச் சொல்வாள் என்பது தட்டெழுதும்போது எனக்குத் தோன்றவில்லை. பெண்களே அதற்கு வழி கண்டிருந்தார்கள். எது வந்தாலும் "தலைவலிங்க" என்றார்கள். எங்கள் பதிவேடுகளை மட்டும் நம்பி யாராவது ஆராய்ச்சி செய்தால், அந்த மலையில் பெண்களுக்குக் கழுத்துக்குக் கீழே உடம்பே இருந்ததில்லை என்ற முடிவுக்குத்தான் வருவார்கள்.

ஓய்வு பெற்று ஹாலிஎலையில் ரயில் பாதையோரம் வீடு கட்டிக்கொண்டு இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் மடிக்கணினியோடு வந்தாள். அதே தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் பிறந்தவள். அவள் அம்மா கொழுந்து எடுத்தவர். இவள் கணினிப் பொறியியல் படித்துவிட்டு, பதுளையில் ஒரு கடையின் மேல்மாடியில் இயங்கும் மூன்று பேர் கொண்ட நிறுவனத்தில் வேலை செய்தாள். மனிதரோடு பேசும் ஒரு திரை செய்திருப்பதாகவும், அதை டிஸ்பென்சரி வாசலில் வைக்கப்போவதாகவும் சொன்னாள். நோயாளி திரையைத் தொட்டு எங்கே வலி, எப்போதிருந்து, எவ்வளவு என்று சொன்னால், அது யோசித்து ஒரு சீட்டு தரும். 'உடனே உள்ளே', 'இன்றைக்குள்', 'நாளை வந்தால் போதும்' என்று மூன்று வகை.

"தொரைகிட்ட பேசிட்டேங்க," என்றாள். தோட்ட நிர்வாகியை எங்கள் பக்கம் இன்னமும் தொரை என்றுதான் சொல்வோம். "ஒரு வாரம் பாக்கிறேன்னாரு. சனிக்கிழமை வந்து பாத்து திருப்தின்னா கங்காணி துண்டை நிறுத்திடுவாரு. பொம்பளைங்க நேரா மெஷின்கிட்ட சொல்லிக்கலாம். இல்லேன்னா பழையபடி பெரட்டுதான்."

"இதுல நான் எங்கம்மா வர்றேன்?"

"விதிகள் எழுதணுங்க. இந்தத் தோட்டத்துல உங்கள விட விதி தெரிஞ்சவங்க யாரு இருக்கா?"

முகஸ்துதி என்று தெரிந்தது. இருந்தாலும் நாற்காலியை எடுத்துப் போட்டேன்.

என் முதல் விதி தெளிவானது. காய்ச்சல் நூறு பாகைக்கு மேல் என்றால் நோய். அதற்குக் கீழே என்றால் நோய் இல்லை. அவள் தலையை ஆட்டினாள். தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது உள்ளவர் பூரண சுகமா என்று கேட்டாள். விதிப்படி ஆமாம் என்றேன். தன் இயந்திரம் மங்கல் தர்க்கத்தில் இயங்குகிறது என்றாள். அதில் ஒரு விஷயம் உண்மை அல்லது பொய் என்று மட்டும் இருக்க வேண்டியதில்லையாம். கொஞ்சம் உண்மையாக இருக்கலாம். பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம்.

"அது தர்க்கம் இல்லம்மா, சாக்கு," என்றேன்.

"ஐயா, பெரகல சந்தியில பஸ் ஏறுறீங்க. வெயில் அடிக்குது. அப்புத்தளையில இறங்கினா பனி மூடிக் கிடக்குது. எந்த வளைவுல பனி தொடங்கிச்சு?"

யோசித்துப் பார்த்தேன். எந்த வளைவு என்று சொல்ல முடியவில்லை. ஆனால் அதை ஒப்புக்கொள்ளாமல் தேநீர் போடச் சொன்னேன்.

அவள் விடவில்லை. "ஒரு ஆளு பாதி நாள் வேலை செஞ்சா பேர் பதியிற செக்ரோல்ல என்ன போடுவீங்க?"

"அரைப்பேர்."

"பாதி ஆளா வந்தாரு?"

முப்பத்தேழு வருடமாக ஒரு முழு மனிதனை அரைப்பேர் என்று எழுதி வந்தவன், அரைக் காய்ச்சலை மறுக்க முடியாது. என் மனைவி அடுக்களையிலிருந்து சிரித்தது எனக்குக் கேட்டது. பேனாவை எடுத்தேன்.

முதல் சிக்கல், 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு என்பது. திரையில் ஒரு கோடு இருக்கும். இந்த முனையில் 'ஒன்றுமில்லை', அந்த முனையில் 'தாங்க முடியவில்லை'. நோயாளி விரலை நகர்த்திக் காட்ட வேண்டும். கோட்டில் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை 'கொஞ்சம்', எங்கே அது மெல்ல மங்கி 'ரொம்ப' ஆகிறது என்பதை நாங்கள் முன்கூட்டியே இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். ஆளைக் கேட்டால்தான் தெரியும் என்று இருவரும் தோட்டத்துக்குப் போனோம். பீலியடி லயத்து வரிசை வீடுகளில் ஓர் அக்கா அகப்பட்டார். பீலியில் தண்ணீர் பிடிக்க வருபவர்கள் அத்தனை பேருக்கும் நியாயம் சொல்பவர். கூர்மையான வாய்.

"அக்கா, கொஞ்சம் வலின்னா எப்படி இருக்கும்?" என்று பொறியாளர் கேட்டாள்.

"கொழுந்து எடுக்கலாம். சிரிக்க முடியாது."

"ரொம்ப வலின்னா?"

"கொழுந்து எடுக்கலாம். பேச முடியாது."

"தாங்க முடியாத வலி?"

அக்கா சற்று யோசித்தார். "அப்பவும் கொழுந்து எடுக்கலாம் புள்ள. வீட்டுக்கு வந்து சமைக்கத்தான் முடியாது."

நான் இதை அப்படியே குறித்துக்கொண்டேன். பொறியாளர் குறிக்கவில்லை. அக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை இயந்திரம் டிஸ்பென்சரி வராந்தாவில் நின்றது. நோயாளிகள் ஒவ்வொருவரும் அதற்கு முன்னால் செருப்பைக் கழற்றினார்கள். ஆண்கள் தலைத்துண்டை இறக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். இயந்திரம், "தங்கள் உடல்நிலை எவ்வாறு உள்ளது?" என்று வானொலிச் செய்திக் குரலில் கேட்டது. வரிசையில் முதலில் நின்றவர் தோட்டத்து மேல்பிரிவின் மூத்த பெரியவர். கைகட்டியபடி, "இருக்கேன் சாமி," என்றார். விரலை வை என்று நான் சொன்ன பிறகு வைத்து, கொஞ்சம் என்ற இடத்தில் நிறுத்தினார். நாளை வந்தால் போதும் என்று சீட்டு வந்தது. கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

அவருக்குப் பின்னால் நின்ற எல்லோரும் அதே இடத்தில் விரலை நிறுத்தினார்கள். பெரியவருக்கே கொஞ்சம்தான் என்றால் சின்னவர் எப்படி ரொம்ப என்று சொல்வது? அது மரியாதையா? இருபத்தொரு பேருக்கு 'நாளை வந்தால் போதும்'. அதில் ஒருவர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டு, இடது கையைச் சாரத்துணியால் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். துணி நன்றாகவே சிவந்திருந்தது. அவரும் வலது கையால் கொஞ்சம் என்று காட்டிவிட்டு, சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்து, இயந்திரத்திடம் "வாறேங்க" என்று சொல்லி, மலை இறங்கத் தொடங்கிவிட்டார்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஓடியது அன்றுதான்.

"எங்கய்யா போற?"

"வீட்டுக்குங்க. நாளைக்கு வரச் சொல்லியிருக்குங்க."

"ரத்தம் கொட்டுதேய்யா!"

"துண்டுல நாளைக்குன்னு போட்டிருக்குங்களே, கிளாக்கர் ஐயா. தேதி மாறி வந்தா நீங்கதானே ஏசுவீங்க?"

அந்த மனிதரை அப்படிப் பழக்கி வைத்தது யார் என்பதில் எந்த மங்கலும் இல்லை. தோளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்தேன். உள்ளே ஏழு தையல் போட்டார்கள்.

செய்தி பங்களாவுக்குப் போய்ச் சேர அரைமணி நேரம்கூட ஆகவில்லை. தொரை தொலைபேசியில் பொறியாளரிடம் ஒரே வரி சொன்னார். "மிஸ், சனிக்கிழமை வரைக்கும்னு சொன்னேன், அதனால சனிக்கிழமை வரைக்கும்." அவள் வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கம்மா கடைசி வரைக்கும் தலைவலின்னுதாங்க சொன்னாங்க," என்றாள். அந்தப் பதிவேட்டில் இருந்தது என் கையெழுத்து.

வழி சொன்னவர், நாங்கள் யாரும் கேட்காமல் விட்டிருந்த மனிதர்தான். தோட்டத்து மருத்துவ உதவியாளர். எல்லோருக்கும் டொக்டர் ஐயா. அவர் கை கழுவிக்கொண்டே வெளியே வந்து இயந்திரத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"நோயாளியை ஏன் கேக்கிறீங்க?" என்றார். "இருபது வருசமா நான் கேட்டதே இல்ல. கேட்டா 'பரவாயில்லைங்க'தான். சாகக் கிடந்தாலும் பரவாயில்லைங்க. நான் கூட வந்தவங்களத்தான் கேப்பேன்."

அப்போதுதான் இருவரும் வராந்தாவைச் சரியாகப் பார்த்தோம். ஒரு நோயாளிக்கு இரண்டு, மூன்று பேர் துணைக்கு வந்திருந்தார்கள். இயந்திரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடாதபடி அவர்களைக் கயிறு கட்டி நிறுத்தியவன் நான். தனிமை வேண்டும் என்று பொறியாளர் சொல்லியிருந்தாள். கயிறு என் சொந்த ஏற்பாடு. அந்தக் கயிற்றுக்கு அப்பால் நின்றுகொண்டு அவர்கள் காலையிலிருந்து கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். "பொய் சொல்றா! ராத்திரிபூரா உருண்டா!" "அவனுக்கு ஒன்னுமில்லைங்க, நேத்து ராத்திரி கூத்து ஆடிட்டு வந்தான்!" இயந்திரத்துக்குத் தேவையான அத்தனையும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வீணாகப் போயிருந்தது.

புதன்கிழமைக்குள் பொறியாளர் திரையை மாற்றினாள். முதலில் நோயாளி சொல்லலாம். பிறகு, அவர் விரும்பினால், தான் தேர்ந்தெடுத்துக் கூட்டிவந்த ஒருவரை அழைக்கலாம். அவருக்குத் தனியாக ஒரு கோடு. இருவர் சொல்வதற்கும் உள்ள இடைவெளியையும் இயந்திரம் கணக்கில் எடுக்கும். நோயாளி 'ஒன்றுமில்லை' என்று சொல்ல, துணைக்கு வந்தவர் 'ரொம்ப' என்று சொன்னால், அவர் வரிசையில் முதல் ஆள். செய்திக் குரலையும் தூக்கிவிட்டுத் தன் குரலிலேயே, "எப்படிங்க இருக்கீங்க? எங்கங்க வலிக்குது?" என்று பதிந்து வைத்தாள்.

ஆனால் துணைக்கு வந்தவர் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. ஒரு மாமியார் மருமகளுக்காக விரல் வைத்தபோது இயந்திரம் மருமகளை ஒலிம்பிக் ஓட்டத்துக்கே அனுப்பியிருக்கும். ஆகவே, 'நீங்க இவங்களுக்கு யாரு?' என்று ஒரு கேள்வி சேர்ந்தது. யார் சொல்வதை எத்தனை பங்கு நம்புவது என்று அட்டவணை போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. என் வாழ்நாளில் நான் தயாரித்த அட்டவணைகளில் இதற்குத்தான் அதிக வாக்குவாதம். பீலியடி அக்கா ஆலோசனைக்கு அமர்த்தப்பட்டார்.

"மாமியார்?"

"கால் பங்கு. அதுவும் பண்டிகை நாள்ல."

"புருசன்?"

"கூட்டிட்டு வந்தவனா, கூட வந்தவனா?"

"என்ன வித்தியாசம்?"

"கூட்டிட்டு வந்தவன் பயந்து வந்திருப்பான், முக்கால் பங்கு குடுங்க. கூட வந்தவன் வேலைக்குப் போகாம இருக்க வந்திருப்பான், அவனுக்கு ஒன்னும் குடுக்காதீங்க."

"அம்மா?"

"அம்மா எப்பவும் கூட்டித்தான் சொல்லுவா. பாதி."

"அப்போ யாருக்குத்தான் முழுசா குடுக்கிறது?"

அக்காவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "பக்கத்து நெரையில கொழுந்து எடுக்கிறவளுக்கு. ஒரு நாள்பூரா அவதான் பாக்கிறா. குனியிறப்ப இடுப்பப் பிடிக்கிறத வீட்டுல யாரு பாத்தா? கூட வேலை செய்றவளுக்கு முழுப்பேர் போடுங்க ஐயா."

போட்டேன். 'கூட வேலை செய்பவர்: முழு நம்பிக்கை.' வியாழனும் வெள்ளியும் வரிசை ஒழுங்காக நகர்ந்தது. 'கொஞ்சம்' என்று சொன்ன ஒரு பெண்ணை, பக்கத்து நிரைக்காரியின் விரல் 'உடனே உள்ளே' அனுப்பியது. டொக்டர் ஐயா வெளியே வந்து எங்களைப் பார்த்து ஒருமுறை தலையை ஆட்டினார். அவர் அகராதியில் அது பாராட்டு.

சனிக்கிழமை. தொரை பண்டாரவளையிலிருந்து வர வேண்டும். ஒன்பது மணிக்கு என்று சொல்லி, பத்தேமுக்காலுக்கு வந்தார். ஜீப்பிலிருந்து மெல்ல இறங்கினார். முகம் பச்சையும் மஞ்சளுமாக, நோய் விழுந்த இலை மாதிரி இருந்தது. முந்தின இரவு யாரோ ஒரு நண்பர் வீட்டு விருந்தாம். இது பின்னால் தெரிந்தது.

"சுருக்கமா முடிப்போம் மிஸ்," என்றார். "நானே நோயாளி. இவன் கூட வந்தவன்." பின்னால் நின்ற டிரைவரைக் காட்டினார். டிரைவர் அமைதியான மனிதர். சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செய்யமாட்டார். நடிக்கத் தெரியாதவர் என்பது அன்று வரை யாருக்கும் தேவைப்படாத தகவல். "நீயும் கேக்கிறதுக்குப் பதில் அமத்து. சரியா?"

"சரிங்க சேர்."

நாற்பது பேர் வேடிக்கை பார்க்கத் திரண்டிருந்தார்கள். இயந்திரம், "எப்படிங்க இருக்கீங்க?" என்று கேட்டது. தொரை விரலை 'ஒன்றுமில்லை' முனையில் வைத்து, எங்கள் பக்கம் திரும்பி, பரீட்சை வைப்பவர் மாதிரிப் புன்னகைத்தார். பிறகு டிரைவர் முன்னால் வந்தார். 'நீங்க இவங்களுக்கு யாரு?' என்ற பட்டியலை மேலிருந்து கீழ் வரை நிதானமாக வாசித்தார். மாமியார் இல்லை. புருஷன் இல்லை. 'கூட வேலை செய்பவர்' என்பதை அமுக்கினார். என் அட்டவணையில் அதற்கு முழு நம்பிக்கை. எங்கே வலி? உடம்புப் படத்தில் வயிற்றைத் தொட்டார். எப்போதிருந்து? 'நேற்று இரவு.' எவ்வளவு? விரலைக் கோட்டின் இந்த முனையில் வைத்து, அந்த முனை வரை கொண்டுபோய், கோடு முடிந்த பிறகும் சற்றுத் தள்ளிப் பார்த்தார்.

இயந்திரம் இரண்டு விநாடி யோசித்தது. சீட்டைத் துப்பியது. உடனே உள்ளே.

"இது ட்ரயல்," என்றார் தொரை.

பீலியடி அக்கா சீட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "துண்டு வந்திருச்சுங்க தொரை. போங்க உள்ள. மத்தவங்க நிக்கிறோம்ல?"

"டேய், என்னடா இது?" என்று தொரை டிரைவர் பக்கம் திரும்பினார்.

"கேட்டதுக்குப் பதில் அமத்தச் சொன்னீங்க சேர். கும்பல்வெலையில ஒருக்கா நிப்பாட்டினோம். தெமோதரை தாண்டி ஒருக்கா. அப்புறம் அந்தத் தண்ணிக் கானுக்குப் பக்கத்துல தேயிலைக்குள்ள..."

தொரை அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எங்கள் எல்லோரையும் விட வேகமாக டிஸ்பென்சரிக்குள் போனார். கதவு சாத்தப்பட்டது. வராந்தாவில் எல்லோரும் நாகரிகமாகக் கூரையைப் பார்த்தோம். பிறகு யாரோ ஒரு பெண் முந்தானையை வாயில் திணித்தும் பயனில்லாமல் வெடித்துச் சிரித்தாள். அதன் பிறகு யாரையும் அடக்க முடியவில்லை.

பொறியாளர் மட்டும் சிரிக்கவில்லை. "போச்சுங்க ஐயா," என்றாள். "நாற்பது பேருக்கு முன்னால... இனி எப்படி வைப்பாரு?" நான் என் மூளையில் இருந்த அத்தனை சுற்றறிக்கைகளையும் புரட்டினேன். நிர்வாகியை ஒரு கருவி அவமதித்தால் எடுக்க வேண்டிய நடவடிக்கை எதிலும் இல்லை.

நாற்பது நிமிடத்துக்குப் பிறகு கதவு திறந்தது. தொரை நனைந்த முகத்தோடு, கையில் ஒரு கிளாஸ் உப்புக்கரைசலோடு வந்து மர வாங்கில் உட்கார்ந்தார். பின்னாலேயே வந்த டொக்டர் ஐயா, "இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா ட்ரிப் ஏத்த வேண்டி வந்திருக்கும்," என்று பொதுவாகக் காற்றிடம் சொன்னார்.

தொரை திரைப் பக்கம் திரும்பினார். "கிளாக்கர்."

"சேர்."

"நான் ஒன்னுமில்லைன்னுதானே காட்டினேன்?"

"எல்லாரும் அப்படித்தான் காட்டுவாங்க சேர். அதை வச்சுத்தான் இதைச் செஞ்சிருக்கு."

ஒரு வாய் உப்புக்கரைசல் குடித்து முகத்தைச் சுளித்தார். "துண்டு முறையை திங்கட்கிழமையிலிருந்து நிப்பாட்டிடுங்க. எழுதிக் கொண்டாங்க, கையெழுத்து வைக்கிறேன்." எழுந்து ஜீப் வரை போனவர் திரும்பினார். "மிஸ், ஒரு விஷயம். இவனை மட்டும் அதுக்குப் பக்கத்துல விடாதீங்க." டிரைவர், "சரிங்க சேர்," என்றார்.

திங்கட்கிழமை நான் வேலையில்லாமலேயே டிஸ்பென்சரிக்குப் போனேன். பழக்க தோஷத்தில் கங்காணியும் வந்து படியருகே நின்றிருந்தார். துண்டுப் புத்தகம் இல்லாமல் கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பீலியடி அக்கா தன் பக்கத்து நிரைக்காரியோடு மேலே ஏறி வந்தார்.

"என்னம்மா நோவு?" என்றார் கங்காணி.

"அதைக் கேக்கிறதுக்கு அங்க ஆள் இருக்குதுங்க," என்று சொல்லிவிட்டு அக்கா நடந்தார்.

நானும் கங்காணியும் வராந்தாவிலிருந்து இறங்கி, தேயிலைப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்கா திரைக்கு முன்னால் நின்ற நேரம் நீண்டுகொண்டே போனது. அந்தக் கூர்மையான வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அக்கா தன் விரலைக் கோட்டில் எங்கே வைத்தார் என்பது எனக்குத் தெரியாது; என் வேலையும் அல்ல. டொக்டர் ஐயா மத்தியானமே அவரைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். மூன்று வருடமாக நோயை மறைத்து வைத்துக்கொண்டிருந்தாராம். நல்லவேளை, அறுவை சிகிச்சையோடு முடியக் கூடியதாக இருந்தது.

ஆறு வாரம் கழித்து, காலை நெரிசலில், அக்கா வரிசையில் நின்றிருந்தார். முறை வந்ததும் திரையைத் தொட்டு, அதன் கேள்விகள் எதையும் சட்டை பண்ணாமல் பேசத் தொடங்கினார். தையல் காய்ந்ததிலிருந்து வார்டில் கொடுத்த சோறு வரை எதுவும் விடுபடவில்லை. பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள். "உடம்புக்கு முடியாதவங்க நிக்கிறோம்! சொகமானவளுக்கு அங்க என்ன வேலை?"

அக்கா திரும்பிப் பார்த்து, "அந்தப் புள்ள எப்படிங்க இருக்கீங்கன்னு கேட்டுச்சுல்ல? கேட்டவங்ககிட்ட சொல்ல வேணாமா?" என்றார்.

அடுத்த வாரமும் மூன்று பேர் இதே வேலையாக வந்தார்கள். பொறியாளர் வேறு வழியில்லாமல் திரையில் ஒரு பொத்தான் சேர்த்தாள்: 'சும்மா சொல்லிட்டுப் போக வந்தேன்.' அதற்கு எத்தனை புள்ளி என்று என்னைக் கேட்டாள். புள்ளி வேண்டாம், உட்கார ஒரு வாங்கு போடு என்றேன்.